என்னை அழைத்துச் சென்றால்

பதினைந்து வருஷத்துக்கு மேலாகக் கோர்ட் வாசலுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தெற்கே ஒரு மாவட்டத் தலைநகர். ஊர்ப்பெயர் வேண்டாம், நாளைக்கும் கடையைத் திறக்க வேண்டும். ஜாமீன் மனு, அப்பீல் மெமோ, சாட்சிகளின் வாக்குமூல நகல், மகஜர் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பத்திரம்) நகல் என்று ஜூனியர் வக்கீல்கள் கொண்டுவந்து போடுவதையெல்லாம் தட்டிக் கொடுப்பேன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரே வாக்கியத்தைப் பல நூறு தடவை தட்டினவனுக்கு அந்த வாக்கியத்தின் மேலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும்.

அது இதுதான்: “என்னை அழைத்துச் சென்றால் நான் மேற்படி அரிவாளை மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.”

கொலை வழக்கு என்றால் அரிவாள், வழிப்பறி என்றால் செயின், திருட்டு என்றால் பைக். அந்த ஒரு சொல் மாறும், மிச்சம் எழுத்து பிசகாமல் அப்படியே வரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆடு மேய்ப்பவரும் இதையே சொல்லியிருப்பார், பி.ஈ. படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த பையனும் இதையே சொல்லியிருப்பான். “ஆஜர் செய்கிறேன்” என்று நம் பக்கத்து மனுஷர் யாராவது வாய் திறந்து சொல்லிக் கேட்டதுண்டா? தட்டித் தட்டி அலுத்துப்போய் கம்ப்யூட்டரில் ஆட்டோடெக்ஸ்டாகவே போட்டு வைத்துவிட்டேன். “எஅசெ” என்று அடித்தால் முழு வரியும் வந்து விழும். ஒரு ஆளின் ஆயுள் தண்டனை இருக்கிற வரி, எனக்கு மூன்று எழுத்து.

ஏன் எல்லோரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள் என்று பழைய வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். டீ ஆறிப்போகும்வரை விளக்கினார். போலீஸ்காரரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் இந்தியாவில் கோர்ட்டுக்கு ஆகாது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள் அப்படிச் சொல்லின. தான் வைத்திருந்த போலீஸ் மேல் வெள்ளைக்காரனுக்கே இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். ஆனால் அடுத்த பிரிவான 27இல் ஒரு சந்து விட்டுவைத்தான். காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் செல்லும். எவ்வளவு பகுதி என்பதை 1946இல் புலுகுரி கொட்டய்யா வழக்கில், அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அளந்து சொன்னது. இடத்தையும் பொருளையும் பற்றிச் சொன்னது செல்லும், “அதால்தான் வெட்டினேன்” என்பது செல்லாது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சாட்சியச் சட்டம் வந்து மூன்று பிரிவுகளும் 23க்குள் அடங்கிவிட்டன. சந்து அப்படியே இருக்கிறது.

ஆக நாலு பக்க வாக்குமூலத்தில் செல்லுபடியாவது ஒரே வரி. அந்த வரியை ஸ்டேஷன் ரைட்டர் எவ்வளவு பக்குவமாக எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சந்தும் உண்டு, அது நம் தமிழ்நாட்டுச் சிறப்பு. மூன்று வாரமாகப் போலீஸ் வலைவீசித் தேடும் ஆள், ஒரு நாள் காலை பத்து மணிக்கு, முன்பின் பார்த்தே இராத வி.ஏ.ஓ.வின் ஆபீசுக்குத் தானாக நடந்து போவார். போய், மனச்சாட்சி உறுத்துவதாகச் சொல்லி, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் ஒப்பிப்பார். வி.ஏ.ஓ. எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளையும் தாளையும் தலையாரியோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பார். வி.ஏ.ஓ. போலீஸ்காரர் இல்லையே, அதனால் அந்த ஒப்புதல் 25ஆம் பிரிவில் சிக்காது. பட்டா மாறுதலுக்கு நாம் போனால் “சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்” என்பார்கள். கொலைகாரர்கள் போகும்போது மட்டும் அவர் எப்படியோ சீட்டில் இருந்துவிடுகிறார். மேல் கோர்ட்டுகள் இந்தக் கதையைப் பல வழக்குகளில் நம்ப மறுத்திருக்கின்றன. ஆனால் மேல் கோர்ட் நம்ப மறுப்பதற்கு ஏழெட்டு வருஷம் ஆகும். அந்த ஏழெட்டு வருஷம் ஆள் உள்ளே இருப்பார்.

என் சித்தப்பா ஒரு மகஜர் சாட்சி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார், அதுதான் தகுதி. மகஜரில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு எந்த மனுஷன் வருவான்? ஏட்டையா கடைக்கு வந்து, “அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்பார். சித்தப்பா பாய்லரைச் சிம்மில் வைத்துவிட்டு ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போவார். அவர் கெட்டவர் இல்லை. கடைக்கு முன்னால் பெஞ்சு போட்டிருந்தார், அந்த இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது. புரிந்துகொள்ளுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த பிறகு ஒரு பொங்கலுக்கு ஊரில் அவரிடம் கேட்டேன். “அந்த அரிவாள முள்ளுக்காட்டுக்குள்ள இருந்து எடுத்ததப் பாத்தீகளா சித்தப்பா?”

“முள்ளுக்காடா? நான் கையெழுத்துப் போடும்போது மேச மேல இருந்துச்சு.”

“பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு?”

“கண்ணாடி கடையில கெடந்துச்சுப்பா.”

“அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?”

“தெரியல. சாட்சி சொல்ல ரெண்டு வாய்தா போனேன். பஸ் காசு கூடத் தரல.”

கோர்ட்டில் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் மகள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு கரும்பு விலைக்குப் போய்விட்டது.

நிரபராதிக்குத் தண்டனை என்றதும் விலைபோன சாட்சி, வில்லன் இன்ஸ்பெக்டர் என்று சினிமாக் கணக்கில்தான் நமக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். என் கடை வழியாகப் போன காகிதங்களில் நான் அதிகம் பார்த்தது, ஊர் கூடி இழுத்த தேர். ஆளுக்கு ஒரு கை வடத்தைத் தொட்டிருப்பார்கள். செய்தவன் இவன்தான் என்று இன்ஸ்பெக்டர் மனசார நம்பியிருப்பார். ரைட்டர் வழக்கமான வரியை எழுதியிருப்பார். சித்தப்பா ஒரு கையெழுத்து. நிரபராதி மேல் கேஸ் ஜோடிக்கிறோம் என்று அவர்களில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். குற்றவாளி தப்பிவிடாமல் இருக்கக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முட்டுக்கொடுக்கும்போது எது மறைந்துபோகும் என்பதற்கு மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்ட வழக்கைச் சொல்வேன். 2003 ஜூன் 5ஆம் தேதி ராத்திரி ஒரு குடிசைக்குள் கொள்ளைக் கும்பல் புகுந்து ஐந்து பேரைக் கொன்றது. பெண்களைச் சீரழித்தது. செத்துவிட்டாள் என்று நினைத்து விட்டுப்போன தாய் பிழைத்துக்கொண்டார். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு கூலித் தொழிலாளிகள் பிடிபட்டார்கள். தாய் அவர்களை அடையாளம் காட்டினார். 2006இல் ஆறு பேருக்கும் தூக்கு. ஹைகோர்ட் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், குறைத்தது தப்பு என்று மறுபடி ஆறு பேருக்கும் தூக்குப் போட்டது.

பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச் 5ஆம் தேதி, அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விட்டது. என்ன மாறியது? புதிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. எல்லாம் முதல் நாளிலிருந்தே காகிதத்தில் இருந்தது. சம்பவம் நடந்த இரண்டாம் நாள், போலீஸ் ஆல்பத்தில் இருந்த பழைய குற்றவாளிகளின் போட்டோக்களைப் பார்த்து அந்தத் தாய் நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரும் இந்த ஆறு பேரில் இல்லை. அவர்களைப் பிடிக்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயதுகூட ஆகாத பையன் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆளுக்கு 5 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது கோர்ட். பதினாறு வருஷத்துக்கு 5 லட்சம் என்றால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய்கூட வரவில்லை. கடையில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.

அந்தத் தாய் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணால் கண்டது பொய்யாகும் விதம் வேறு. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1984இல் ஒரு கல்லூரி மாணவி பலாத்காரத்துக்கு ஆளானார். அந்த நேரத்திலும் அவர் ஒரு காரியம் செய்தார். பின்னால் அடையாளம் காட்ட வேண்டுமென்று அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனசில் பதிய வைத்துக்கொண்டார். போலீஸ் காட்டிய போட்டோக்களில் ரொனால்ட் காட்டனை எடுத்தார். பிறகு நேரில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். போட்டோவிலும் நேரிலும் பொதுவாக இருந்த முகம் காட்டனுடையது மட்டும்தான். சரியான ஆளைத்தான் காட்டினாய் என்று போலீசும் தைரியம் சொன்னது. தயக்கமாக ஆரம்பித்தது கோர்ட்டுக்கு வருவதற்குள் சத்தியமாகிவிட்டது. மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். அவருக்கு அவனைத் தெரியவே இல்லை. மனசிலிருந்த முகம் அதற்குள் காட்டன் முகமாக மாறிவிட்டிருந்தது. 1995இல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தது. அமெரிக்காவில் டி.என்.ஏ.வால் விடுதலையானவர்களின் வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித் தவறிப்போன அடையாளம் இருக்கிறது.

இதற்கு மருந்து செலவில்லாதது. அடையாள அணிவகுப்பை நடத்துகிற ஆளுக்கே யார் சந்தேக நபர் என்று தெரியக் கூடாது. “அவன் இதில் இல்லாமலும் இருக்கலாம்” என்று சாட்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காட்டிய அந்த நிமிஷமே, எவ்வளவு நிச்சயம் என்று அவர் வாயால் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துவது ஒரு நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு முந்தின நாளே பேப்பரிலும் டி.வி.யிலும் ஆளின் முகம் வந்துவிடுகிறதே, அதை யார் கேட்பது?

அக்ஷர்தாம் வழக்கை என் கடைக்கு வரும் ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வேன். 2002 செப்டம்பரில் காந்திநகர் கோயிலுக்குள் இரண்டு பேர் புகுந்து சுட்டார்கள், முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சுட்ட இருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் துப்புத் துலங்கவில்லை. பிறகு கேஸ் கிரைம் பிராஞ்சுக்கு மாறியதும் மளமளவென்று கைது நடந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லும். 25ஆம் பிரிவு அங்கே கிடையாது. 2006இல் மூன்று பேருக்குத் தூக்கு, மற்ற மூவருக்குச் சிறை. 2010இல் ஹைகோர்ட்டும் சரி என்றது.

ஒப்புதலுக்குத் துணையாக நின்றவை இரண்டு உருதுக் கடிதங்கள். செத்தவர்களின் பேன்ட் பாக்கெட்டில் கிடைத்தன, எழுதியவர் இன்னார் என்றது போலீஸ். 2014 மே 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதங்களைக் கையில் எடுத்துப் பார்த்தது. பேன்ட் குண்டு துளைத்து ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. பாக்கெட்டுக்குள் இருந்த கடிதத்தில் ஓட்டையும் இல்லை, கறையும் இல்லை. ஆறு பேரும் விடுதலை. அன்றைக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. எங்கள் தெருவில் எல்லா டி.வி.யிலும் மோடி ஜெயித்த செய்தி. இந்தத் தீர்ப்பு அதில் முங்கிப் போனது.

கடிதம் சுத்தமாக இருப்பதைக் கீழ்க்கோர்ட்டும் பார்த்திருக்கலாம், ஹைகோர்ட்டும் பார்த்திருக்கலாம். பார்க்கவிடாமல் தடுத்தது எது? அந்த ஒப்புதல் வாக்குமூலம்தான் என்பது என் எண்ணம். “நானே செய்தேன்” என்று ஒரு தாள் இருந்துவிட்டால், மற்ற தாள்களை யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை.

எழுதியது இப்படி என்றால், எழுதாமல் விட்டது இன்னொரு கதை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூன் 11ஆம் தேதி கைதானபோது அவருக்கு 19 வயது. பொடாவுக்கு முந்தின பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன். 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தேன் என்று பேரறிவாளன் சொன்னது பதிவானது. எதற்கு வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என்று சொன்னது பதிவாகவில்லை. ஓய்வுபெற்ற பிறகு 2013இல் தியாகராஜனே இதை வெளியில் சொன்னார், 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது, 1999இல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விட்டது. மீதி ஏழு பேரில் ஒருவராக இருந்த பேரறிவாளன் 2022 மே 18ஆம் தேதி வெளியே வந்தார். அது அரசியலமைப்பின் 142ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தரும் தனி அதிகாரத்தின்படி வந்த விடுதலை. நிரபராதி என்று கோர்ட் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, அந்தக் கொலையில் செத்தவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. டைப் அடிக்கிறவனாக எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரி. நானும் வரி விட்டிருக்கிறேன், கண் சொருகி. ப்ரூஃப் பார்க்கும் வக்கீல் சத்தம் போடுவார், திருத்திக் கொடுப்பேன். பூட்டிய அறைக்குள் எழுதப்படுவதற்கு ப்ரூஃப் பார்க்க ஆள் கிடையாது.

இங்கிலாந்துக்காரன் இந்த அறைக்குள் டேப் ரிக்கார்டரை வைத்தான், அதுவும் சூடுபட்டபின்தான். 1972இல் லண்டனில் ஒரு கொலை, மூன்று பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். அதில் மூத்தவனுக்கு வயது 18, புத்தி எட்டு வயசுப் பிள்ளையுடையது. 1975இல் தண்டனை ரத்தானது. அதை விசாரித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1984இல் போலீஸ் அதிகாரங்களுக்கு ஒரு புதுச் சட்டமே வந்தது, விசாரணையை ஒலிநாடாவில் பதிவதும் அதன் வழியே வந்தது. அதற்கப்புறம் குண்டுவெடிப்பு வழக்குகளில் தவறாகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்ட் நால்வர், பர்மிங்காம் ஆறு பேர் என்று பழைய குப்பைகள் வெளிவந்து, முடிந்துபோன வழக்குகளைத் திரும்பப் பார்க்கவென்றே 1997இல் ஒரு கமிஷன் வேலையைத் தொடங்கியது. நமக்கு அப்படியொரு இடம் இல்லை. சீராய்வு மனு, கருணை மனு, கடைசியில் கடவுள்.

விஞ்ஞானம் வந்துவிட்டதே, இனி தப்பு நடக்காது என்று நினைப்பவர்களுக்குச் சுருளி அருவி. 2011 மே மாதம் அங்கே ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. டி.என்.ஏ. இருந்தது. 2018இல் தூக்கு, 2019இல் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் யார் யார் கையில் இருந்தன, ஆய்வகத்துக்குப் போக ஏன் அத்தனை தாமதம், நடுவில் கலப்படம் ஆகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுத வேண்டும், கோர்ட் அனுமதியில்லாமல் சீலை உடைக்கக் கூடாது என்று நாடு முழுவதுக்கும் அந்தத் தீர்ப்பு உத்தரவு போட்டது. ஆவின் பாலுக்கு இருக்கிற ஒழுங்கு அப்போதுதான் ரத்த மாதிரிக்கு வந்தது. ஒரு ஆள் தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழு வருஷம் இருந்தார். செத்த இரண்டு பேரின் வீட்டாருக்கு, பதினாலு வருஷம் கழித்து, யார் செய்தது என்ற பதிலும் போய்விட்டது. தவறான ஆளைப் பிடிப்பதில் இந்தப் பக்கம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

நஷ்டஈட்டுக்குச் சட்டம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2018இல் 277ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. சொன்னது சொன்னபடியே இருக்கிறது. ஸ்டேஷன்களில் கேமரா வைக்கச் சொல்லி 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேவைப்படும் நாளில் எத்தனை கேமராவில் “ஹார்டு டிஸ்க் ரிப்பேர்” என்று பதில் வருகிறது என்பதை எந்த கிரிமினல் வக்கீலும் சொல்வார்.

எனக்கு நிஜமாகவே நம்பிக்கை தந்தது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுதான். சோதனை, கைப்பற்றல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால் மேசை மேல் இருந்த அரிவாள் முள்ளுக்காட்டுக்குப் போயிருக்க முடியுமா என்று ஜூனியர்களிடம் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். மகஜர் நகல்களிலும் புது வரி ஒன்று வர ஆரம்பித்தது: “மேற்படி நடவடிக்கைகள் முழுவதும் செல்போன் மூலம் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டது.” ஒவ்வொரு மகஜரிலும், எழுத்து பிசகாமல். ஒரு மாதத்தில் அதையும் ஆட்டோடெக்ஸ்டில் போட்டுவிட்டேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு ஜூனியர் பென் டிரைவோடு வந்தார். வீடியோவை ஓடவிட்டு நேரம் நேரமாக என்ன நடக்கிறது என்று டைப் செய்து தர வேண்டும், குறுக்கு விசாரணைக்கு. ஓடவிட்டேன். வாய்க்கால் கரை, ஒரு பையன், கையில் அரிவாள். பின்னால் லுங்கி கட்டிய இரண்டு பேர். ஒருவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். மொத்தம் 47 நொடி. அடித்தேன்: “0 நிமிடம் 00 நொடி: எதிரி அரிவாளைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.”

“அதுக்கு முன்னாடி என்ன வருது, அதையும் போடுங்கண்ணே” என்றார் ஜூனியர்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். “இதுதான் தம்பி ஆரம்பம்.”